எச்-4 விசாவில் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் நர்சிங்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி இதுதான்: "ஃப்ரீமாண்டில் இருக்கிறேன். வயது 34. ஊரில் பி.ஈ. முடித்தவள். எச்-4 ஈ.ஏ.டி. (வேலை அனுமதி அட்டை) கையில் இருக்கிறது. இரண்டு குழந்தைகள். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் நர்சிங் படித்தால் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) ஆகிவிடலாம் என்கிறார்கள். எப்படி விண்ணப்பிப்பது? இந்த வயதில் முடியுமா?"

முடியும். நான் பி.காம். படித்துவிட்டு, உங்களைப் போலவே எச்-4இல் (எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கான விசா) வந்து, இதே வழியில் போனவள். இப்போது பே ஏரியாவில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். ஆனால் அந்த 'இரண்டு வருட' கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். நர்சிங் பாடங்களுக்குத்தான் இரண்டு வருடம். அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்களுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டு வருடம் ஆகும். அப்புறம் இடம் கிடைக்கும்வரை காத்திருப்பது வேறு. நான்கு வருடம் என்று மனதில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

இந்தப் படிப்பின் பெயர் அசோசியேட் டிகிரி இன் நர்சிங், சுருக்கமாக ஏ.டி.என். மில்ட்ரெட் மோன்டாக் என்பவர் 1951இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த யோசனை இது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நர்ஸ் பற்றாக்குறை; மருத்துவமனைகளே மூன்று வருடம் வைத்து வேலை வாங்கிக்கொண்டு பயிற்சி கொடுத்த காலம். கல்லூரியிலேயே இரண்டு வருடத்தில் நர்ஸை உருவாக்கலாம் என்றார் அவர். 1952இல் ஏழு கல்லூரிகளில் சோதனையாகத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஏ.டி.என். முடித்தவரும் நான்கு வருட பி.எஸ்.என். (நர்சிங் இளங்கலை) முடித்தவரும் லைசென்ஸுக்காக எழுதுவது ஒரே என்கிளெக்ஸ் தேர்வுதான், வாங்குவது ஒரே ஆர்.என். லைசென்ஸ்தான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பவர்களில் யாராவது ஊரில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்தவராக இருந்தால், ஏ.டி.என். பக்கமே போக வேண்டாம். உங்கள் சான்றிதழ்களை நேராக மாநில நர்சிங் போர்டுக்கு அனுப்பி என்கிளெக்ஸ் எழுத அனுமதி கேளுங்கள். கலிஃபோர்னியா போர்டு ஏதாவது பாடத்தில் குறை கண்டுபிடித்தாலும், அந்த ஒன்றிரண்டு பாடத்தை மட்டும் முடித்தால் போதும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் விண்ணப்பம் என்றால் படிவம், மதிப்பெண் பட்டியல், கட்ஆஃப், கவுன்சலிங். அந்தப் பழக்கத்தில் எல்லாரும் முதலில் தேடுவது விண்ணப்பப் படிவத்தை. இங்கே படிவம் இருபது நிமிட வேலை. முதலில் தேட வேண்டியது ஒவ்வொரு கல்லூரியும் தன் நர்சிங் இணையப் பக்கத்தில் போட்டிருக்கும் புள்ளித் தாள், அதாவது எதற்கு எத்தனை புள்ளி என்ற பட்டியல். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. எழுபதுக்கும் மேற்பட்டவற்றில் ஏ.டி.என். உண்டு. ஒரு பேட்சுக்கு முப்பது நாற்பது இடம்தான் இருக்கும், விண்ணப்பிப்பவர்கள் பல நூறு பேர். யாரை எடுப்பது என்பதைச் சில கல்லூரிகள் புள்ளி போட்டு முடிவு செய்கின்றன. சில கல்லூரிகள் ஒரு குறைந்தபட்சத்தைத் தாண்டிய எல்லார் பெயரையும் போட்டுக் குலுக்குகின்றன. வெயிட்லிஸ்ட் வைத்திருப்பவையும் உண்டு. உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவை என்றால் ஓலோனி, சாபோ, எவர்கிரீன் வேலி, டி ஆன்சா. கொஞ்சம் தள்ளிப் போகலாம் என்றால் ஸ்டாக்டனில் சான் வாக்கின் டெல்டா, ஓக்லாந்தில் மெரிட். இவற்றின் புள்ளித் தாள்களைப் பதிவிறக்கி, ஒரு எக்செல் போட்டு, பாடங்களை வரிசையிலும் கல்லூரிகளைப் பத்தியிலும் எழுதிப் பாருங்கள். ஒரு கல்லூரி நியூட்ரிஷன் கேட்கும், இன்னொன்று ஸ்பீச் கேட்கும், மூன்றாவது இரண்டையுமே கேட்காது. நீங்கள் பி.ஈ. படித்தவர், இந்த அட்டவணை உங்களுக்கு அரை நாள் வேலை. அது இல்லாமல் எந்த வகுப்பிலும் சேராதீர்கள். நான் அட்டவணை எதுவும் போடாமல் தொடங்கி, எனக்குத் தேவையே இல்லாத ஒரு பாடத்தில் ஒரு செமஸ்டரைத் தொலைத்தேன்.

புள்ளிமுறைக்குச் சட்டமே இருக்கிறது. கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தின் 78261.5 பிரிவு, எதற்கெல்லாம் புள்ளி கொடுக்கலாம் என்று சொல்கிறது: ஏற்கெனவே வாங்கிய பட்டம், சம்பந்தப்பட்ட பாடங்களில் ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி), நுழைவுத் திறன் தேர்வு, மருத்துவத் துறையில் வேலை அல்லது தன்னார்வ அனுபவம், வாழ்க்கைச் சூழல், அப்புறம் ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி. அந்த மொழிப் பட்டியலில் ஸ்பானிஷ், சீனம், டகாலோக் ஆகியவற்றோடு இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளும் வருகின்றன. ஆமாம், தமிழுக்குப் புள்ளி உண்டு. அதிகம் இல்லைதான், ஆனால் அரைப் புள்ளியில் இடம் போகிற போட்டி இது. என்ன சான்று வேண்டும் என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தமிழை ஒரு பாடமாகப் படித்த பள்ளி மதிப்பெண் பட்டியலை ஊரிலிருந்து இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பெரும்பாலான புள்ளி ஜி.பி.ஏ.விலும் நுழைவுத் தேர்விலும்தான் இருக்கிறது. ஜி.பி.ஏ. என்றால் நடைமுறையில் அனாட்டமி, ஃபிசியாலஜி, மைக்ரோபயாலஜி. லேபுடன் கூடிய இந்த மூன்றும் எல்லாக் கல்லூரிக்கும் பொது. இவற்றில் சேரவே பல இடங்களில் முதலில் ஒரு கெமிஸ்ட்ரி, சில இடங்களில் ஒரு அடிப்படை பயாலஜி முடித்திருக்க வேண்டும். இவை தவிர ஆங்கிலக் கட்டுரை, புள்ளியியல், உளவியல் போன்றவை.

இங்கேதான் நம்மவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் மதிப்பெண் குறைந்தால் இம்ப்ரூவ்மென்ட் எழுதலாம் என்ற நினைப்பு இருக்கும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் சி கிரேடு வாங்கிவிட்டால் பொதுவாக அந்தப் பாடத்தைத் திரும்ப எடுக்க முடியாது. சி என்றால் தேர்ச்சி, கதை முடிந்தது. டி அல்லது எஃப் வாங்கினால்தான் திரும்ப எடுக்கலாம், அதுவும் பொதுவாக மொத்தம் மூன்று முயற்சிதான். நடுவில் விலகினால் டிரான்ஸ்கிரிப்டில் டபிள்யூ என்று விழும்; அதுவும் ஒரு முயற்சியாகக் கணக்காகும். திரும்ப எடுத்த அறிவியல் பாடத்துக்குப் புள்ளி குறைக்கும் கல்லூரிகளும் உண்டு. எனக்குக் கெமிஸ்ட்ரியில் சி வந்தது. அந்த செமஸ்டரில் சின்னவன் பிறந்து நான்கு மாதம். இரண்டு அறிவியல் பாடத்தைச் சேர்த்து எடுத்திருக்கவே கூடாது. அந்த ஒரு சி-யினால் கெமிஸ்ட்ரியைப் புள்ளியில் சேர்க்கும் கல்லூரிகளை என் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியதாயிற்று.

அதனால் ஒரு செமஸ்டருக்கு ஒரே ஒரு அறிவியல் பாடம் எடுங்கள். கூடவே வேண்டுமானால் உளவியல் மாதிரி இலகுவானது ஒன்று. வகுப்பு தொடங்கி முதல் இரண்டு வாரத்தில் ஆசிரியரின் தேர்வு முறை, உங்கள் வீட்டு நிலைமை இரண்டையும் பாருங்கள். சரிப்படாது என்று தோன்றினால், டபிள்யூ விழாமல் விலகுவதற்கான கடைசித் தேதிக்குள் விலகிவிடுங்கள். அந்தத் தேதி கல்லூரி நாட்காட்டியில் இருக்கும், சீக்கிரம் வந்துவிடும். இதில் ரோஷம் பார்க்கக் கூடாது.

அனாட்டமி பற்றி ஒரு வார்த்தை. பொறியியல் படித்தவர்கள் புரிந்துகொண்டு படித்துப் பழகியவர்கள்; அனாட்டமியோ முதலில் மனப்பாடம் கேட்கும். லேப் தேர்வில் மாடலில் ஒரு ஊசியைக் குத்தி வைத்துவிட்டு, இது என்ன என்று கேட்பார்கள். ஒரு நிமிடம்தான், அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஸ்பெல்லிங் தப்பினால் மதிப்பெண் போகும். எலும்பு, தசை, நரம்புப் பெயர்களைக் கையால் எழுதி எழுதிப் படியுங்கள். நான் சமையலறை அலமாரிக் கதவு முழுக்கப் பெயர்களை ஒட்டி வைத்திருந்தேன். மாமியார் ஊருக்குத் திரும்பும்போது ஸ்கேபுலா எங்கே இருக்கிறது என்று சரியாகச் சொல்வார்.

நுழைவுத் தேர்வு என்பது பெரும்பாலும் டீஸ். 170 கேள்விகள், 209 நிமிடம்: வாசிப்பு 45, கணக்கு 38, அறிவியல் 50, ஆங்கிலம் 37. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சிக் கோடு 62 சதவீதம். ஆனால் 62 வாங்கினால் வாசலுக்கு வரலாம், அவ்வளவுதான். போட்டி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நடக்கிறது. சில கல்லூரிகள் நீங்கள் முதலில் தேர்ச்சி பெற்ற மதிப்பெண்ணைத்தான் எடுத்துக்கொள்ளும். பின்னால் எழுதி ஏற்றினாலும் பயன் இல்லை. எனவே 'சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கலாம்' என்று போய் உட்காராதீர்கள். அனாட்டமியும் ஃபிசியாலஜியும் முடித்த கையோடு எழுதுவது நல்லது, அறிவியல் பகுதியில் மற்ற எதையும்விட அவைதான் அதிகம். கணக்கு உங்களுக்குப் பிரச்சினையே இல்லை; விகிதம், சதவீதம், அலகு மாற்றம்தான். கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும். நமக்குப் புள்ளி போகும் இடம் ஆங்கிலப் பகுதி. கமா எங்கே, அப்பாஸ்ட்ரஃபி எங்கே என்ற கேள்விகளை நாம் பள்ளியில் இந்த முறையில் படித்ததில்லை. அதற்குத் தனியாக ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

உங்கள் பி.ஈ. வீண் இல்லை, ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்கு உதவாது. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேஸஸில் உறுப்பினராக உள்ள ஒரு நிறுவனத்தின் மூலம், வெஸ் மாதிரி, பாடம் பாடமாக மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். அதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்தே டிரான்ஸ்கிரிப்ட் போக வேண்டும். இதை ஊரில் யாரையாவது அலையவிட்டு வாங்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் முதல் நாளே தொடங்கிவிடுங்கள். மதிப்பீடு வந்தால் பட்டத்துக்கான புள்ளி கிடைக்கலாம், பொதுக்கல்விப் பாடங்கள் சிலவற்றுக்கு விலக்கு கிடைக்கலாம். அறிவியல் பாடங்களை வெளிநாட்டிலிருந்து ஏற்காத கல்லூரிகளே அதிகம். ஏற்றாலும் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குள் படித்திருக்க வேண்டும் என்று சில இடங்களில் விதி உண்டு. அந்த விதி இங்கே எடுக்கும் பாடங்களுக்கும் பொருந்தும். அனாட்டமி முடித்துவிட்டு ஆற அமர விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

பட்டம் ஏற்கெனவே இருப்பதால், ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே குறைய ஆகும் துரித பி.எஸ்.என். படிப்புக்கும் நீங்கள் தகுதி பெறலாம். ஓக்லாந்தில் சாமுவேல் மெரிட் பல்கலைக்கழகம் அப்படி ஒன்று நடத்துகிறது. நேரம் மிச்சம், ஆனால் செலவு பல மடங்கு, முன்பாடங்கள் அதற்கும் உண்டு.

செலவைப் பார்த்தால் கம்யூனிட்டி காலேஜ் எவ்வளவு மலிவு என்பது தெரியும். மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவை எண்ணும் அலகு) 46 டாலர். முன்பாடங்களும் நர்சிங்கும் சேர்த்து 70 யூனிட் என்று வைத்தால் 3,220 டாலர். புத்தகம், சீருடை, ஸ்டெதஸ்கோப், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்ந்தால் இன்னும் சில ஆயிரம். ஆனால் 'மாநிலவாசி' என்ற அந்தச் சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. எச்-4இல் இருப்பவர் கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் வசித்து, இங்கேயே வாழும் எண்ணத்துக்குச் சான்று காட்டினால் மாநிலவாசிக் கட்டணம் கிடைக்கும். ஓட்டுநர் உரிமம், மாநில வரித் தாக்கல், வீட்டு ஒப்பந்தம் மாதிரியானவை. எஃப்-1 மாணவர் விசாவுக்கு இது கிடைக்காது. சிலர் 'படிப்புக்கு எஃப்-1தான் சரி' என்று மாறிவிட்டு, யூனிட்டுக்குப் பல நூறு டாலர் கட்டுகிறார்கள். எச்-4இல் முழுநேரமாகப் படிக்கத் தடை எதுவும் இல்லை, ஈ.ஏ.டி. கூடத் தேவையில்லை. கிளினிக்கல் என்பது மருத்துவமனையில் செய்யும் சம்பளமில்லாத பயிற்சி, அதுவும் பாடத்தின் பகுதிதான். ஃபெடரல் உதவித்தொகை மட்டும் எச்-4க்குக் கிடையாது.

விசா விஷயத்தில் யாரும் சொல்லாத ஒன்று. படித்து முடித்து லைசென்ஸ் வாங்கினால் க்ரீன் கார்டுக்குக் குறுக்குவழி என்று ஒரு பேச்சு உண்டு. ஆர்.என். வேலை, ஆள் பற்றாக்குறை உள்ள வேலைகளுக்கான ஷெட்யூல் ஏ பட்டியலில் இருப்பது உண்மை. வேலைக்கு உள்ளூரில் ஆள் இல்லை என்று காட்டும் பெர்ம் என்ற படியை மருத்துவமனை தாண்டிவிடலாம். ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான க்ரீன் கார்டு வரிசை அப்படியேதான் இருக்கும். ஏ.டி.என். படித்த நர்ஸுக்கு எச்-1பி கிடைப்பதும் அநேகமாக நடக்காது, அந்த விசாவுக்கு வேலையே இளங்கலைப் பட்டம் கேட்பதாக இருக்க வேண்டும். ஆக உங்கள் வேலை, கணவரின் எச்-1பியையும் உங்கள் ஈ.ஏ.டி.யையும் நம்பித்தான் இருக்கும். நான்கு வருடத்தில் என்ன மாறும் என்று யோசித்து, அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு இறங்குங்கள்.

அனுபவப் புள்ளிக்கு சி.என்.ஏ. (நர்ஸ் உதவியாளர்) பயிற்சி நல்ல வழி. கலிஃபோர்னியாவில் குறைந்தது 60 மணி நேரம் வகுப்பு, 100 மணி நேரம் நேரடிப் பயிற்சி. புள்ளி கிடைக்கிறதோ இல்லையோ, இதை நான் எல்லாருக்கும் சொல்வேன். முன்பின் தெரியாத ஒரு பெரியவரைக் குளிப்பாட்டி, பெட்பேன் வைத்து எடுத்து, துணி மாற்றும்போது நமக்கு எப்படி இருக்கிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். என்னோடு சேர்ந்த ஒரு பெண் மூன்றாம் நாள் நின்றுவிட்டார். இப்போது மருத்துவ பில்லிங்கில் சந்தோஷமாக இருக்கிறார். அனாட்டமி, ஃபிசியாலஜி எல்லாம் முடித்துவிட்டுப் பிறகு இதைக் கண்டுபிடிப்பதைவிட இது மேல்.

இடம் கிடைத்த பிறகு வரும் காகித வேலை தனி. குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, உடல் பரிசோதனை, அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷனின் பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி) அட்டை, தடுப்பூசிகள். நம் குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டை யாரிடம் இருக்கிறது? தட்டம்மைக்கும் சின்னம்மைக்கும் ரத்தத்தில் டைட்டர் (நோய் எதிர்ப்பு அளவு) பார்த்துவிட்டால் போதும். ஹெபடைடிஸ் பி மூன்று ஊசிகள் போட்டு முடிக்க ஆறு மாதம் ஆகும், அதை இப்போதே தொடங்குங்கள். டி.பி.க்குத் தோலில் குத்தும் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். நமக்கெல்லாம் பிறந்ததும் பி.சி.ஜி. போட்டிருப்பதால் டி.பி. இல்லாமலே கை வீங்கக்கூடும். எனக்கு வீங்கியது, எக்ஸ்ரே, விளக்கக் கடிதம் என்று கிளினிக்கல் தொடங்கும் வாரம் வரை ஓடினேன். குவான்டிஃபெரான் என்ற ரத்தச் சோதனை கேளுங்கள், பி.சி.ஜி. அதைப் பாதிக்காது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது மாநில நர்சிங் போர்டின் தளத்தில் அங்கீகாரப் பட்டியலையும், அந்தக் கல்லூரி மாணவர்கள் முதல் முயற்சியிலேயே என்கிளெக்ஸ் தேறிய விகிதத்தையும் பாருங்கள். விகிதம் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் போர்டே கேள்வி கேட்கும். காத்திருக்க முடியாமல் தனியார் பள்ளிகளுக்குப் போகிறவர்கள் உண்டு. அங்கீகாரம் இருந்தால் தப்பில்லை, பணம் மட்டும் லட்சம் டாலரைத் தொடும். வகுப்புக்கே போகாமல் டிப்ளமா தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஓடிவிடுங்கள். 2023 ஜனவரியில் ஃபுளோரிடாவில் 7,600க்கும் மேற்பட்ட போலி நர்சிங் டிப்ளமாக்கள் விற்ற வழக்கில் 25 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். வாங்கியவர்கள் பலரின் லைசென்ஸும் போனது.

பி.எஸ்.என். வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும், பிறகு. பே ஏரியாவின் பெரிய மருத்துவமனைகள் புதிதாகப் படித்து வருகிறவர்களில் பி.எஸ்.என். உள்ளவர்களையே முதலில் பார்க்கின்றன. பல கம்யூனிட்டி காலேஜ்கள் கால் ஸ்டேட் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, ஏ.டி.என். படிக்கும்போதே பி.எஸ்.என். பாடங்களையும் எடுக்க வழி வைத்திருக்கின்றன. அட்டவணையில் அதற்கும் ஒரு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்.

வயது 34 என்பதைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, என் பேட்சில் 51 வயதுக்காரர் ஒருவர் இருந்தார். குழந்தைகள்தான் உண்மையான கேள்வி. கிளினிக்கல் நாளில் காலை 6:45க்கு வார்டில் நிற்க வேண்டும், பள்ளி திறப்பதோ எட்டு மணிக்கு மேல். லைசென்ஸுக்கு முன் குறைந்தது 500 மணி நேரம் நேரடி நோயாளிப் பராமரிப்பு கட்டாயம், இதில் வளைந்துகொடுக்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஆறு மாதம், மாமியார் ஆறு மாதம் என்று விசிட்டர் விசாவில் மாறி மாறி வந்துதான் இரண்டு வருடம் ஓடியது. உங்கள் வீட்டில் யார் எப்போது வர முடியும் என்பதை இப்போதே கேட்டு வையுங்கள்.

அப்புறம் ஒன்று. புது மாணவர்களுக்குப் பதிவு செய்யும் தேதி கடைசியில்தான் வரும், கெமிஸ்ட்ரி லேப் இடங்கள் அதற்குள் நிரம்பிவிடும். முதல் செமஸ்டரில் கிடைக்காவிட்டால் வெயிட்லிஸ்டில் பெயர் போட்டுவிட்டு, முதல் நாள் வகுப்புக்கே நேரில் போய் உட்காருங்கள். முதல் வாரத்தில் நான்கைந்து பேராவது வராமல் போவார்கள். எனக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது.